பேய்ப்படத்துக் கதாநாயகி குளித்த காலை

என் பெரியப்பா மகன் எடுத்த பேய்ப்படத்தில் நான்தான் கதாநாயகி. கதாநாயகியைப் பயமுறுத்துகிற பேயும் நானேதான். ஆள் தட்டுப்பாடு. அண்ணன் அப்போது திருநெல்வேலியில் விஸ்காம் படித்துக்கொண்டிருந்தான். லீவு முடிந்து வரும்போது ஆளுக்கு ஒரு குறும்படம் எடுத்துவரச் சொல்லியிருந்தார்களாம். கூடப் படிக்கிற பெண்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறான். பேய்ப்படம், அதுவும் தென்காசிக்கு வந்து நடிக்க வேண்டும் என்றதும் ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

“உனக்கு மேக்கப்பே வேண்டாம்ட்டி. இப்ப இருக்க மூஞ்சியோட அப்படியே வந்து நில்லு. போதும்.”

வேறு நேரமாக இருந்தால் என் கையிலிருந்த டம்ளர் அவன் மண்டையில் இறங்கியிருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். அன்று வரவில்லை. ‘சரிண்ணே’ என்றேன். அதைக் கேட்டுத்தான் அவனுக்கு முதலில் என்னவோபோல் இருந்தது என்று பிற்பாடு சொன்னான். அப்போது சொல்லவில்லை, கடன்காரன்.

அந்த மே மாதம் நான் பிளஸ் டூவில் வேதியியலில் ஃபெயில். மற்றப் பாடங்களில் எல்லாம் நல்ல மார்க். வேதியியலில் எழுத்துத் தேர்வில் வாங்கியதை மட்டும் வெளியே சொல்ல முடியாது. பரீட்சை ஹாலில் தலை சுற்றியது, வாந்தி வந்தது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். தலையும் சுற்றவில்லை, வாந்தியும் வரவில்லை.

பொதுத்தேர்வு எழுதியவர்களுக்கு ஒரு விதி நினைவிருக்கும். விடைத்தாளின் முகப்பில் நம் படமும் பதிவெண்ணும் அச்சாகியே வந்துவிடும். கையெழுத்துப் போட்டால் போதும். உள்ளே எந்தப் பக்கத்திலும் பெயரையோ பதிவெண்ணையோ எழுதக் கூடாது. எழுதினால் நடவடிக்கை எடுப்பார்கள். ஹாலுக்கு வருகிற டீச்சர்கள் இதைச் சொல்வதே மிரட்டுவதுபோல் இருக்கும். அரைப்பரீட்சையின்போது எங்கள் டீச்சர் இதைச் சொல்லி முடித்ததும், எனக்குள் ஒரு குரல், என் வயசுப் பெண்ணின் குரல், “நீ எழுதிட்டே” என்றது.

“எங்கேயோ உன் பேர எழுதிட்டே. தேடிப் பாரு.”

தேடிப் பார்த்தேன். இல்லை. “சரியாப் பாக்கல” என்றது. மறுபடியும் பார்த்தேன். அன்று பத்து நிமிடத்தோடு போயிற்று. பொதுத்தேர்வில் தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் வந்து வந்து போனது. வேதியியலுக்கு வந்ததும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மூன்று மணி நேரம் என் கையெழுத்துக்குள் என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு சமன்பாட்டில் இருக்கிற எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் என் பெயர் மாதிரி வருமோ என்று தோன்றியது. எதற்கு வம்பு என்று அடித்தேன். அடுத்த வரியையும் அடித்தேன். மணி அடித்தபோது அடிக்காத வரி ஒன்றிரண்டுதான் மிச்சம். இதை எந்தப் பேய்ப்படத்திலும் வைக்க முடியாது, பார்க்கிறவன் தூங்கிவிடுவான். ஒரு பெண் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கிறாள், அவ்வளவுதானே. எனக்கு இன்றுவரை அதைவிடப் பெரிய பயம் எதுவும் தெரியாது.

ரிசல்ட் வந்ததும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அத்தை, ‘காதல்’ என்றாள். எதிர்வீட்டில் ‘செல்போன்’ என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அம்மா கண்ணேறு என்று முடிவுகட்டி மிளகாய் வற்றலை எனக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். கண்ணேறு பட்டிருந்தால் நெடி வராது என்பது கணக்கு. தெருவே தும்மியது. அம்மா மட்டும், “பாத்தியா, நெடியே இல்ல” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அப்பா ராணுவத்தில் வடக்கே எங்கேயோ இருந்தார். ஞாயிற்றுக்கிழமை போனில், “அடுத்த தடவ எழுதிக்கலாம்மா” என்பார். பிறகு இரண்டு பேரும் சும்மா போனைப் பிடித்துக்கொண்டு இருப்போம்.

அந்த அடுத்த தடவை துணைத்தேர்வு. ஜூன் கடைசியில். அம்மாவே விண்ணப்பம் போட்டு, ஹால் டிக்கெட் எடுத்து, காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவைத்தாள். நான் போவதில்லை என்று எப்போதோ முடிவுசெய்திருந்தேன். அன்று காலையில் காய்ச்சல் என்று படுத்துவிட வேண்டியது. அப்புறம் என்ன? படிப்பு அத்தோடு முடிந்தது. அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை. அதற்குள் குரல் பரீட்சை ஹாலை விட்டு வீட்டுக்கே குடிவந்திருந்தது. எந்தக் காகிதத்தைத் தொட்டாலும் பேசியது. கடைக்குச் சீட்டு எழுதுவதைக்கூட நிறுத்தியிருந்தேன். அம்மா சொல்வதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய்ப் பாதியை மறந்துவிட்டு வருவேன்.

இந்த நிலைமையில்தான் அண்ணன் வந்து கதை சொன்னான். ஒரு பெண். பீரோக் கண்ணாடிக்குள் இருந்து அவளைப்போலவே இருக்கிற இன்னொருத்தி அவளைக் கூப்பிடுகிறாள். யார் சொன்னாலும் கேட்காமல் இவள் வெள்ளை நைட்டியோடு அதன் பின்னாலேயே போகிறாள். கடைசியில் குற்றாலம் பேரருவிக்குள் போகிறாள். திரும்பி வரவில்லை. படம் முடிந்தது.

“ஏம்ண்ணே வரல?” என்றேன்.

“வந்தா அது பேய்ப்படமாட்டி?”

“அவளுக்கு அம்மா அப்பா யாரும் இல்லியா? ஒருத்தர்கூட என்னன்னு கேக்க மாட்டாங்களா?”

“பன்னெண்டு நிமிஷப் படத்துல எல்லாரும் வந்து கேட்டுக்கிட்டிருந்தா அவ எப்பச் சாவுதது?”

 இரண்டு நாள் பெரியப்பா வீட்டு மாடியில் கண்ணாடிக் காட்சிகளை எடுத்தோம். எனக்கு இருந்த ஒரே வசனம் ‘அவ கூப்பிடுதா.’ முணுமுணுக்க வேண்டும். நான் முணுமுணுத்ததைக் கேட்டு அண்ணன், “எப்படிட்டி இவ்வளவு நல்லா வருது உனக்கு?” என்று ஆச்சரியப்பட்டான். ஆடத் தெரியாதவள் என்று நினைத்துக் கூப்பிட்டவனுக்குச் சலங்கையோடு ஒருத்தி கிடைத்துவிட்ட சந்தோஷம்.

மூன்றாம் நாள் குற்றாலம். துணைத்தேர்வுக்கு அன்று சரியாக ஒன்பது நாள் இருந்தது. சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கூட்டம் சேருவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று விடிகிற நேரத்தில் பைக்கில் கூட்டிப்போனான். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மலையின் பாதிக்குமேல் மேகம். சிப்ஸ் கடைகளில் அப்போதுதான் எண்ணெய்ச் சட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவின் பழைய வெள்ளை நைட்டி, முகத்தில் அரை டப்பா பவுடர், கண்ணுக்குக் கீழே மை, விரித்துவிட்ட தலை. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் மட்டும் மெதுவாக, “பாத்துக் கூட்டிட்டுப் போங்க தம்பி” என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தோம்.

கேமரா வைக்க அனுமதி வாங்கவில்லை. அதனால், “யாரு கேட்டாலும் படம்னு சொல்லிராதட்டி, கேமராவப் புடுங்கிருவாங்க” என்று இரண்டு தடவை சொன்னான். பெண்கள் குளிக்கிற பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது என்று பெரியம்மா அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். எனவே ஏற்பாடு இதுதான்: வருகிற பாதையைப் பார்த்துக் கேமரா நிற்கும். நான் கேமராவுக்கு முதுகைக் காட்டி நடந்துபோய், பெண்கள் பக்கம் திரும்புகிற சுவருக்குப் பின்னால் மறைய வேண்டும். அங்கேயே நிற்க வேண்டும். அவன் விசில் அடித்ததும் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான்.

நடந்தேன். மறைந்தேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, அடுத்த ஷாட்டுக்காக ‘அவ கூப்பிடுதா, அவ கூப்பிடுதா’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் வரவில்லை. வந்திருந்தாலும் அருவிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்பது எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை.

புத்தி தெளியாதவர்களைக் கூட்டிவந்து அருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்தில் வெகுகாலமாக இருக்கிற வழக்கம். உச்சியில் எண்ணெய் வைத்து, தண்ணீர் கனமாக விழுகிற இடமாகப் பார்த்து இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். அப்படி ஒருவர் வந்தால் வரிசை தானாக ஒதுங்கி வழி விடும். சின்ன வயதிலிருந்து நானே எத்தனையோ தடவை ஒதுங்கி நின்றிருக்கிறேன். எனக்காக ஒருநாள் ஒதுங்குவார்கள் என்று நினைத்ததில்லை.

“ஏட்டி, இங்கன வா. ஒரு பிள்ள நிக்கி பாரு.”

திரும்பினேன். ஐந்து பெண்கள். தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா. பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை கட்டுகிறவர்கள், அன்று லீவு என்று காய் ஏற்றுகிற டெம்போவிலேயே ஏறி வந்துவிட்டார்கள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது.

“யாரு கூட்டிட்டு வந்தா? ஆளையே காணோம்.”

“தனியா விட்டுட்டுப் போயிருக்கானுவ, பாவிப் பயலுவ.”

“ஏதோ சொல்லுதே. யாரோ கூப்பிடுதாளாம்.”

படம் என்று சொல்லக் கூடாது. வேறு என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள், அவர்களில் பெரிய உடம்புக்காரி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். வெங்காய மூட்டையை இறுக்கிக் கட்டிப் பழகிய கை. உதறிக்கொண்டு ஓட வேண்டும் என்றால் கையை அங்கேயே விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். இன்னொருத்தி என் உச்சந்தலையில் நல்லெண்ணெயைக் கவிழ்த்துப் பளார் பளார் என்று தட்டினாள்.

“வழி விடுங்க, வழி விடுங்க! பிள்ளைக்குத் தலைக்குச் சரியில்ல!”

தென்காசியில் பிறந்து வளர்ந்த எனக்கு, குற்றாலத்தில் வரிசையில் நிற்காமல் குளிக்கக் கிடைத்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். எல்லாரும் ஒதுங்கினார்கள். பெண் போலீஸ்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “மெல்லக் கூட்டிட்டுப் போங்க, வழுக்கும்” என்றார். எனக்கு மானம் போயிற்று. அடுத்த நொடி மானத்தைப் பற்றி நினைக்க முடியவில்லை. தண்ணீர் தலையில் இறங்கிவிட்டது.

பேரருவி அடிக்கிற அடி தெரிந்தவர்களுக்குத் தெரியும். மூச்சு வாங்குவதே முழுநேர வேலையாகிவிடும். அந்த அக்கா பின்னாலிருந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து நனைந்தார். காதோடு வாயை வைத்துக் கத்தினார்.

“பேரென்னட்டி?”

சொன்னேன்.

“கேக்கல!”

இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

“கேக்கலட்டி! கத்திச் சொல்லு!”

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். ஆறு மாதமாக ஒரு காகிதத்திலும் இருந்துவிடக் கூடாது என்று நான் தேடி அலைந்த பெயர். கத்திக் கத்தி அழுதேன். தண்ணீருக்குள் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும், தோள் அவர் கையில்தானே இருந்தது.

வெளியே கொண்டுவந்து ஓரமாக உட்காரவைத்துத் தலையைத் துவட்டினார்கள். பவுடரும் மையும் அருவியோடு போய்விட்டன. என் மேல் ஒரு பெரிய துண்டைப் போர்த்திவிட்டு அந்த அக்கா என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“என்ன சொல்லுது?”

“யாருக்கா?”

“உள்ள இருந்து பேசுதுல்லா. அது என்ன சொல்லுது?”

அத்தனை மாதத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. எனக்குள் ஒன்று பேசுகிறது என்பதை அவர் சாதாரணமாக எடுத்துக்கொண்டு, விவரத்தை மட்டும் கேட்டார். ‘அவ கூப்பிடுதா’ என்கிற வசனம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் நல்ல நடிகை. சொல்ல முடியவில்லை.

“பரீட்சப் பேப்பர்ல எம் பேர எழுதிட்டேங்குதுக்கா. தேடச் சொல்லுது. தேடுனா இல்ல. இல்லன்னாலும் விட மாட்டேங்குது.”

‘ஐயோ பாவம்’ என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

“எனக்குப் பூட்டு.”

“என்னதுக்கா?”

“வீட்டப் பூட்டிட்டு வந்தா, பூட்டலங்கும். இழுத்துப் பாப்பேன். தெருமுக்குக்கு வந்ததும் மறுபடியும் பூட்டலங்கும். ஒரு நா மூணு பஸ்ஸ விட்டேன்னாப் பாத்துக்க.”

“இன்னைக்கு இவளுக்காவ டெம்போவே பாதி வழியில நின்னுச்சு” என்றாள் துவட்டிக்கொண்டிருந்தவள். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அக்காவும் சிரித்தார்.

“திரும்பிப் போய்ப் பாத்தியளா?” என்று கேட்டேன். எனக்கு அந்தப் பதில் அவசரமாக வேண்டியிருந்தது.

“போவலட்டி. இப்பவும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு, பூட்டல பூட்டலன்னு. சவம், களவு போனா போட்டும்னு வந்துட்டேன். அங்கன என்ன தங்கக் கட்டியா இருக்கு? நாலு பானையும் ஒரு கிரைண்டரும்.”

“பயமா இல்லியாக்கா?”

“பயமாத்தான் இருக்கு. அதுக்காவக் குளிக்காமப் போவ முடியுமா?”

அவர் எனக்குப் புத்தி சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சொல்லும்போதே அவர் கை இடுப்பில் முடிந்திருந்த சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சுவரைத் தாண்டி வெளியே வந்தபோது என் கையில் சூடான மிளகாய் பஜ்ஜி இருந்தது. என்னைச் சுற்றி ஐந்து பேர். அண்ணன் கேமராவுக்குப் பக்கத்தில் வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தான். முக்கால் மணி நேரமாக நான் வரவில்லை. பெண்கள் பக்கம் அவன் வர முடியாது. அங்கே போகிற வருகிற பெண்களிடம் எல்லாம், “வெள்ள நைட்டி போட்ட பிள்ளயப் பாத்தியளா?” என்று கேட்டிருக்கிறான். ஆண்பிள்ளை இப்படிக் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

“நீதான் கூட்டிட்டு வந்தியா? சரியில்லாத பிள்ளயத் தனியா உள்ள விட்டுட்டு இங்கன போட்டோ புடிச்சிட்டு நிக்கியாலே?”

“இல்லக்கா, அது நடிக்குது. இது படம்.”

“நடிக்குதாம்ட்டி! கேட்டியளா? கூடப் பொறந்த பிள்ள படுத பாட்ட நடிப்புங்கான்.”

“சத்தியமாக்கா. ஏட்டி, சொல்லு. நடிக்கேன்னு சொல்லு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். எல்லாரும் சிரிப்பார்கள், அவர்கள் டெம்போவில் ஏறுவார்கள், நான் வீட்டுக்குப் போய் ஒன்பதாம் நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வேன்.

“நான் நடிக்கலண்ணே” என்றேன்.

அவன் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். மேக்கப் எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது அவன் சொன்ன அந்த மூஞ்சிதான்.

அந்த அக்கா அவனிடம் குரலைத் தாழ்த்தினார். “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலே. அருவியில நின்னா உடம்புச் சூடுதான் தணியும். எம் மவ என்னைய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா. மாத்திர திங்கேன். தின்னாலும் அது பேசும். கொஞ்சம் மெல்லப் பேசும், அவ்வளவுதான்.” என்னிடம் துண்டை வாங்கிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் பெயரை நான் கேட்கவில்லை. என் பெயர் அவருக்குத் தெரியும்.

திரும்பி வருகிற வழியில் அண்ணன் பைக்கை ஓரமாக நிறுத்தினான். “எவ்வளவு நாளாட்டி?” என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். “நான் பாட்டுக்கு மூஞ்சி மூஞ்சின்னு...” என்று ஆரம்பித்தவன் முடிக்காமல், எதிர்க்கடையில் போய் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிவந்து என் மடியில் வைத்தான். எங்கள் குடும்பத்தில் மன்னிப்புக் கேட்பது இப்படித்தான்.

அம்மாவிடமும் அவன்தான் பேச்சைத் தொடங்கினான். அம்மா தான் வேலைபார்க்கிற அங்கன்வாடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். “அடுத்தவ பிள்ள ஒரு நேரம் சாப்பிடலன்னாக் கண்டுபிடிச்சிருவேன். எம் பிள்ளய எனக்குத் தெரியலியே” என்று அழுதாள். அழுது முடித்ததும் ஏன் சொல்லவில்லை என்று என்னைத் திட்டினாள். திட்டி முடித்ததும் லீவு சொல்ல போனை எடுத்தாள். அம்மாவுக்கு எல்லாமே அடுத்தடுத்துத்தான் வரும்.

மனநல மருத்துவர் நான் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இது நிறையப் பேருக்கு வருகிற நோய், இதற்குப் பெயரும் உண்டு, மருந்தும் உண்டு என்றார். ஆனால் மாத்திரை வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும், பரீட்சைக்குள் எதுவும் நின்றுவிடாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். “அது பேசிக்கிட்டே இருக்கும்போது எழுதணும். இல்லன்னா அடுத்த மார்ச்ல எழுதலாம். நீங்களே முடிவு பண்ணுங்க” என்றார். முதல் தடவையாக ஒருவர் முடிவை என்னிடம் விட்டார். வெளியே வந்து, “போறேம்மா” என்றேன்.

போனேன். காலண்டரில் வட்டம் போட்ட அந்த நாளில், தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே அது வந்துவிட்டது. “எழுதிட்டே. தேடு.”  “சவம், இருந்தா இருந்துட்டுப் போட்டும்” என்று சொல்லிக்கொண்டேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மேற்பார்வைக்கு நின்ற டீச்சர், “என்னம்மா?” என்றார். ‘ஒண்ணுமில்ல மிஸ்’ என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினேன்.

அது வாயை மூடவில்லை. இரண்டு தடவை தோற்றுப்போய்ப் பின்னால் புரட்டித் தேடவும் செய்தேன், பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது தடவை கை புரட்டப் போனபோது அந்த வீடு நினைவுக்கு வந்தது. பாவூர்சத்திரத்தில் எங்கேயோ, பூட்டியிருக்கிறதோ இல்லையோ தெரியாத ஒரு கதவு. உள்ளே நாலு பானையும் ஒரு கிரைண்டரும். அந்தக் கதவை அப்படியே விட்டுவிட்டுப் பயந்துகொண்டே ஒருத்தி குளித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தை முன்னால் திருப்பினேன். கடைசிக் கேள்வியில் பாதி எழுதும்போது மணி அடித்தது. அடித்த வரி ஒன்றுகூட இல்லை.

கேட்டுக்கு வெளியே அம்மாவும் அண்ணனும் நின்றார்கள்.  வினாத்தாளை அண்ணனின் முதுகில் வைத்து, வேதியியல் என்று அச்சடித்திருந்ததற்கு மேலே என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். அவன் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் மேலேயே வந்தது. அண்ணனின் படத்துக்குத்தான் மார்க் கம்மி. கதாநாயகி அருவிக்குள் போய்த் திரும்பாமல் இருக்கிற முடிவை அவன் வைக்கவில்லை. நான் மறைந்த பிறகும் அவன் அணைக்க மறந்த கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வெறும் சுவர், வெறும் பாதை, பிறகு துண்டைப் போர்த்திக்கொண்டு பஜ்ஜி தின்றபடி நான். அந்தப் பெண்களின் முகம் தெரியாமல் முதுகுகளை மட்டும் வைத்துக்கொண்டான். பேச்சை எடுத்துவிட்டு அருவிச் சத்தத்தை விட்டுவைத்தான். ‘நான் நடிக்கலண்ணே’ என்று நான் சொன்னது படத்தில் இல்லை. பேய்ப்படத்தின் முடிவில் பஜ்ஜி எதற்கு என்று அவன் வாத்தியார் கேட்டாராம். படத்தின் தொடக்கத்தில் என் பெயர் வருகிறது, வேதியியல் வினாத்தாளோடு. அதையும் ஏன் என்று கேட்டாராம்.

இப்போது நான் தென்காசியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பங்களுக்கு டிசைன் செய்கிறேன். வேதியியல் எதற்கும் உதவவில்லை. மாத்திரையை இடையில் நிறுத்தி, மறுபடி தொடங்கி, டாக்டரிடம் திட்டு வாங்கி, இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். பாவூர்சத்திரம் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பூட்டிய கதவுகளைப் பார்ப்பேன். ஒரு கதவு திறந்து கிடந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இதில் யார் பெயரையும் எழுதுவதில்லை என்று முடிவுசெய்துகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். வேறெதற்கும் இல்லை, அவரவர்க்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் அந்தக் குரல் வந்துவிட்டது. “எங்கேயோ எழுதிட்டே. தேடிப் பாரு.” எழுதியிருப்பேனோ என்னவோ. பயமாகத்தான் இருக்கிறது. நான் தேடவில்லை. இருந்தா இருந்துட்டுப் போட்டும்.